புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

கிள்ளான்
11 அக்டோபர் 2024, வெள்ளி இரவு

அன்புள்ள செந்தில் அம்மானுக்கு, நாச்சம்மை எழுதுவது.

அம்மான் நலமா? பர்மிங்ஹாமில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே ஆத்தாவுக்கு, உங்கள் அக்காவுக்கு, இடது கன்னம் வீங்கியிருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். பெற்ற மகள் என்றும் பார்க்காமல் ஒன்பது மணிக்கு அப்பச்சி என் கைப்பேசியை வாங்கி ஒவ்வொரு மெசேஜாகப் படிப்பார். அதனால் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். நாளை பிரிக்பீல்ட்ஸில் டியூஷன். அங்கே தபாலில் சேர்ப்பேன். பதிலை என் தோழி ஏமியின் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நம் வீட்டுக்கு வேண்டாம்.

இன்று ஆயுத பூஜை. நேற்று கடைச் சாமான்களை எல்லாம் ஆத்தாதான் துலக்கினார். குத்துவிளக்கு, தராசு, பழைய கடிகார மணி என்று எல்லாவற்றுக்கும் புளி. பூஜையில் வைக்க அப்பச்சி ஒரு மரப்பெட்டியை எடுத்து வைத்திருந்தார். அதில் ஒரு கைத்துப்பாக்கி. கைப்பிடியின் அடியில் பித்தளைப் பூண். பித்தளையைப் பார்த்தால் ஆத்தா விடுவாரா? அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். கையோடு இரும்புக் குழலையும்.

அப்பச்சி பார்த்ததும் கத்தினார். "யாரு ஒன்னய இதத் தொடச் சொன்னா? நூத்தி அறுவது வருசத்துச் சாமான்! புளியா போட்ட? புளியா?"

"சாமிக்கு முன்னால அழுக்கோட வைக்கச் சொல்றீங்களா?" என்று ஆத்தா கேட்டார். அதற்குத்தான் அந்தக் கன்னம்.

பிறகு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். ஏதோ காடி வாடை அடித்தது. இன்று காலையில் குழல் மறுபடியும் பழுப்பாக இருந்தது. நூற்று அறுபது வருஷத்துத் துருவை ஒரே ராத்திரியில் திரும்பக் கொண்டுவர முடியுமா, அம்மான்? நீங்கள் ஏலக் கம்பெனியில் பழைய ஆயுதங்களுக்குப் பட்டியல் எழுதுகிறவர். உங்களுக்குத்தான் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
நாச்சம்மை


சிவமயம்

பர்மிங்ஹாம்
30 அக்டோபர் 2024

அன்புள்ள நாச்சிக்கு,

நாங்கள் நலம். உன் நலமும் அக்காவின் நலமும் அறிய ஆவல். அக்காவின் கன்னத்தில் மஞ்சள் பற்றுப் போடச் சொல். தீபாவளிக்கு வர முடியவில்லை என்று வருத்தம்.

நீ கேட்டது நல்ல கேள்வி. உன் வயதில் யாரும் கேட்பதில்லை. நீ சொல்வது கேப் துப்பாக்கி. குழலின் பின்முனையில், வலது பக்கம், ஒரு சின்னக் காம்பு நிற்கும். அதன்மேல் செம்பில் செய்த குட்டித் தொப்பி ஒன்றை மாட்டுவார்கள். அதுதான் கேப். விசையை இழுத்தால் சுத்தி வந்து கேப்பை அடிக்கும், பொறி காம்பின் துளை வழியாகக் குழலுக்குள் இறங்கும். இந்த மாதிரியில் மூன்று வகை உண்டு. அந்தக் காலத்து அசல் ஒன்று. சுவரில் மாட்டச் செய்யும் அலங்கார பொம்மை ஒன்று. அசலைப் போலவே இன்றைய ஆலையில் செய்கிற நகல் ஒன்று.

பிரித்தறிவது கடினமில்லை. அசலில் தேய்மானம் ஒரே சீராக இருக்காது. கை பிடித்த இடம் வழவழவென்றும், கை படாத மூலை கூர்மையாகவும் இருக்கும். காம்பைச் சுற்றி இரும்பு அம்மைத் தழும்பு போலக் குழிந்திருக்கும், பழைய கேப்பின் மருந்து அப்படி அரிக்கும். திருகாணிகளின் வெட்டு மெல்லியதாக, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் இருக்கும். மரம் வற்றி, இரும்புக்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரியும். பொம்மையில் எழுத்துகள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும், காம்பில் துளை இருக்காது. இன்றைய நகலில் துளை இருக்கும். சோதனை முத்திரையும் குழலின் அளவும் புதிதாகக் குத்தியிருக்கும். ஏமாற்றுகிறவர்கள் முதலில் அதைத்தான் அரத்தால் ராவி எடுப்பார்கள். பொய்த் துருவை எளிதில் கண்டுபிடிக்கலாம். எங்கும் ஒரே கனத்தில், தண்ணீரோ வியர்வையோ போகவே முடியாத இடத்திலும் இருக்கும்.

இதெல்லாம் உன் அறிவுக்காகச் சொன்னது. அப்பச்சியிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே. அவருக்குத் தொழிலில் ஆயிரம் கவலை.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகப் படி.
அன்புடன், செந்தில்


கிள்ளான்
15 நவம்பர் 2024

அன்புள்ள அம்மானுக்கு, நலம். நலம்தானே?

பார்த்துவிட்டேன். அப்பச்சி செலாயாங் போயிருந்த அன்று மேல்மாடி அலமாரியைத் திறந்தேன். பெட்டிக்குள் வெல்வெட் துணியில் துப்பாக்கியை வலப்பக்கம் மேலாகக் கட்டியிருந்தார். கட்டை அவிழ்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்ததை மட்டும் பார்த்தேன். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திருகாணி மூன்றும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. காம்பைச் சுற்றித் தழும்பே இல்லை. துரு எங்கும் ஒரே கனம், சுத்தியின் மடிப்புக்குள்ளும் கூட. மரம் இரும்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, நேற்று செய்த மேசை மாதிரி. பூட்டுத் தகட்டில் கிரீடமும் 1853 என்ற எண்ணும் கூர்மையாகத்தான் இருக்கின்றன, அதனால் பொம்மை இல்லை. குழலின் பக்கவாட்டில் ராவிய தடம். அந்தத் தடத்தின் ஓரத்தில், புளி பட்டுத் தெளிந்த இடத்தில், மிச்சமாக ஓர் ஆங்கிலச் சொல்: ஓன்லி. எதற்கு மட்டும், அம்மான்? கடைசியாகத் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கை, குழல் வாயை என் பக்கம் திருப்பாமல், காம்புக்குள் விட்டேன். உள்ளே இறங்கியது.

ஆகவே பழையதும் இல்லை, பொம்மையும் இல்லை. சுடும். சரிதானா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன ஜூலையில் அப்பச்சி என்னை உட்கார வைத்து ஒரு காகிதம் எழுதச் சொன்னார். தேநீரில் முக்கிக் காயவைத்த தாள், மைப்பேனா. "ஒன் கையெழுத்து அந்தக் காலத்துக் கணக்கப்புள்ள எழுத்து மாதிரி இருக்கு ஆத்தா, அழகா எழுது" என்றார். கொஞ்சும்போது என்னையும் ஆத்தா என்பாரே. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நம் முன்னோர் பெரிய ஐயா 1861-இல் பினாங்கில் ஒரு கப்பல் அதிகாரியிடமிருந்து இந்தக் கைத்துப்பாக்கியை வாங்கியதாக. கடையில் அழகுக்கு மாட்டப் போகிறார் என்று நினைத்தேன். பாராட்டினாரே என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் காகிதம் இப்போது அந்தப் பெட்டிக்குள் துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழையது என்று சொல்லி யாருக்கோ விற்கத்தான் போலிருக்கிறது.

லைசென்ஸ் இல்லாமல் சுடும் துப்பாக்கி வைத்திருந்தால் இந்த நாட்டில் ஜெயில், பிரம்படி. எனக்கே தெரிகிறது. அவருக்குத் தெரியாதா? நான் என்ன செய்ய வேண்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

ஆத்தா உங்களைக் கேட்டதாகச் சொல்லவில்லை. அவருக்கு நான் எழுதுவது தெரியாது.
நாச்சம்மை


சிவமயம்

பர்மிங்ஹாம்
6 டிசம்பர் 2024

அன்புள்ள நாச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே பனி கொட்டுகிறது. எனக்குச் சளி, மற்றபடி குறைவில்லை.

உன் கவனம் பாராட்டத் தக்கது. நீ பார்த்தவரை சரி. கறுப்பு வெடிமருந்து மட்டும் என்று எச்சரிக்கை குத்துவது இன்றைய ஆலைகளின் வழக்கம். அந்த 'மட்டும்'தான் மிஞ்சியிருக்கிறது. ஆகவே நகல்தான். இடப்பக்கம் கைப்பிடியில் ஒட்டவைத்த விரிசலைக் கண்டு பழையது என்று எண்ணிவிடாதே. அந்த மரம் இளசு, பயணத்தில் அடிபட்டால் அப்படித்தான் பிளக்கும்.

இனி அந்த அலமாரியைத் திறக்காதே. யாரிடமும் பேசாதே. அது பெரியவர்கள் விவகாரம். உனக்கு அடுத்த ஆண்டு எஸ்பிஎம் பரீட்சை. நேரத்துக்குத் தூங்கு.

அக்காவுக்கு என் அன்பு.
செந்தில்


கிள்ளான்
20 டிசம்பர் 2024

அம்மானுக்கு,

உங்கள் கடிதத்தைச் சனிக்கிழமைதான் ஏமி கொடுத்தாள். நான் எழுதிய காகிதத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதை விடுங்கள். அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

நம் கடை லோரியை ஓட்டும் கார்த்திகேசு அங்கிளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஐம்பத்தெட்டு வயது. மழை பெய்தால் என்னையும் ஏற்றிக்கொண்டு பள்ளியில் இறக்கிவிடுவார். "ஏறு ஏறு, லோரில வர்ற ஒரே செட்டியார் வீட்டுப் பொண்ணு நீதான்" என்று சிரிப்பார். பதினோராம் தேதி அப்பச்சி அவரிடம் அந்தப் பெட்டியைக் கொடுத்து, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். பழைய கடிகாரம் என்று சொன்னார். நான் படியில் நின்று கேட்டேன். வழியில் போலீஸ் ரோட்பிளாக். பெட்டியைத் திறந்து பார்த்து அங்கேயே விலங்கு போட்டார்கள்.

அன்று மாலையே போலீஸ் கடைக்கு வந்தது. அப்பச்சி விபூதி பூசிக்கொண்டு, நிதானமாக, மலாயில் சொன்னார்: அந்தப் பெட்டி என்னுடையது இல்லை, அவன் பகுதி நேரமாக எல்லாருக்கும் லோரி ஓட்டுகிறான், யாருடைய சாமான் என்று எனக்கு எப்படித் தெரியும். போகும்போது அவர்கள் அவரிடம் தெரிமா காசே என்று நன்றி சொன்னார்கள். அம்மான், அவர் அவர்களுக்கு மைலோ கலக்கச் சொன்னார். நான்தான் கலக்கினேன்.

இன்றைய ஆலையில் செய்த நகல், சுடக்கூடியது, பெட்டியில் இருக்கும் காகிதம் பொய், பார்த்தால் ஓர் ஓட்டுநருக்குத் தெரியாது என்று உங்கள் கம்பெனித் தாளில் எழுதித் தாருங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள். நான் சொன்னால் என் கையெழுத்து என்னையே பிடித்துக் கொடுக்கும். இரவில் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே டார்ச்சை அணைத்துவிடுகிறேன்.

உங்கள் சளி எப்படி?
நாச்சம்மை


கிள்ளான்
3 ஜனவரி 2025

அம்மானுக்கு,

ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?

கார்த்திகேசு அங்கிள்மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். சுடும் துப்பாக்கி என்று சோதனையில் தெரிந்ததால் ஜாமீன் இல்லை. அவர் மனைவி மாரியாயி ஆன்டி நேற்று கடைக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"மொதலாளி, பெட்டி ஒங்களதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும் லா. பதினாலு வருசமா ஒங்க லோரிதானே ஓட்டுறாரு."

"எந்தப் பெட்டி? அவன் எங்கெங்க சாமான் ஏத்துறான்னு நான் பின்னாலயே போய்ப் பாக்க முடியுமா?"

"கடிகாரம்னு சொல்லித்தான் குடுத்தீங்களாம். வக்கீல்கிட்ட சொல்லியிருக்காரு."

"சொல்லுவான். மாட்டிக்கிட்டவன் யார் பேரையாவது சொல்லத்தான் செய்வான்." பிறகு என்னைப் பார்த்து, "ஆத்தா, அந்தம்மாவுக்கு ஒரு மூட்ட அரிசி எடுத்துக் குடு" என்றார்.

மாரியாயி ஆன்டி அரிசியைத் தொடவில்லை. "எங்க வீட்ல சோறு ஆக்கத் தெரியும் மொதலாளி. ஆம்பளதான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூட்டை இன்னும் வாசலிலேயே கிடக்கிறது. யாரும் உள்ளே எடுத்து வைக்கவில்லை.

எழுதுவீர்களா, மாட்டீர்களா? அதையாவது எழுதுங்கள்.
நாச்சம்மை


கிள்ளான்
31 ஜனவரி 2025

செந்தில் அம்மானுக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை.

போன சனிக்கிழமை டியூஷனுக்குப் போகவில்லை. மாரியாயி ஆன்டி வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் போனேன். இலவச வக்கீல் கொடுத்த படங்களை அவர் காட்டினார், போலீஸ் எடுத்தவை. முதல் படம் வலப்பக்கம். அது எனக்குத் தெரியும். இரண்டாவது படம் இடப்பக்கம். கைப்பிடியில் ஒரு விரிசல், கோந்து வைத்து ஒட்டிய விரிசல்.

அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. உங்களுக்கு எழுதவும் இல்லை. என் நோட்டில் என்ன எழுதினேனோ அதைத்தான் உங்களுக்கு எழுதினேன், நோட்டு இதோ இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் கேட்டேன். "ஆமா, தேய்க்கும்போது கையில நெரடுச்சு, கோந்து மாதிரி" என்றார். ஆத்தா உங்களுக்கு எழுதினாரா? இல்லை. அப்பச்சி சொன்னாரா? அப்பச்சியோடு பேசுவதில்லை என்றுதானே நீங்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அப்படியென்றால் இந்தத் துப்பாக்கியை நீங்கள் முன்பே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள்.

போன வருஷம் பர்மிங்ஹாமிலிருந்து மூன்று பார்சல் வந்தன. வெளியே கதவுப் பூட்டு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஏதோ கம்பெனி அனுப்பியது என்றார் அப்பச்சி. ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு சாக்லெட் டப்பா. நான் குதித்தேன். தபால்தலைக்காக அந்த மேலட்டைகளை வெட்டி வைத்தேன். இன்று எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் இந்தக் கடிதங்களில் இருக்கும் அதே கையெழுத்து, உங்களுடையது.

நகலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்கு எவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுத்தீர்கள்! ராவி எடுப்பதை முதலில் செய்வார்கள் என்று சொன்னீர்களே. அதைச் செய்தது நீங்களா, அப்பச்சியா? நான் பயந்து நடுங்கி எழுதினதை எல்லாம் படித்துவிட்டு, எனக்கு எது தெரியும் எது தெரியாது என்று அளந்துகொண்டு இருந்தீர்களா? கார்த்திகேசு அங்கிள் உள்ளே இருக்கிறார். உங்களுக்கு ஒரு வரி எழுத வரவில்லை.

நாச்சம்மை


பர்மிங்ஹாம்
14 பிப்ரவரி 2025

நாச்சிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஒரே கவலை.

என்னுடைய கடிதங்களையும் அந்த அட்டைகளையும் எரித்துவிடு. நான் உன்னுடையதை எரித்துவிட்டேன். உன் அப்பச்சிதான் என்னை இந்த ஊருக்கு விமானம் ஏற்றி அனுப்பியவர். அவர் கேட்டதை நான் மறுத்துப் பழக்கமில்லை. நீயும் மறுக்கவில்லையே. பெட்டியில் இருக்கும் காகிதம் யார் எழுத்து என்று யோசித்துப் பார். வயது குறைவு என்று சட்டம் எவ்வளவு தூரம் பார்க்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பச்சி உள்ளே போனால் அக்கா யாரை நம்பி இருப்பாள்? அவளுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

ஓட்டுநருக்கு நல்ல வக்கீல் கிடைப்பார். இப்படிப்பட்ட வழக்குகள் காலப்போக்கில் தளர்ந்துவிடும்.

மாத்திரையை அக்கா வேளை தவறாமல் சாப்பிடட்டும்.
செந்தில்


பிரிக்பீல்ட்ஸ்
11 ஏப்ரல் 2025

செந்தில் அம்மானுக்கு,

ஆத்தா மாத்திரை சாப்பிடுகிறார். நாங்கள் இருவரும் இப்போது ஏமியின் வீட்டு மேல் அறையில் இருக்கிறோம்.

எரிக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு ஒன்பது நாள் பயந்தேன். நான் எழுதினதுதான், நானும் மறுக்கவில்லைதான், நீங்கள் சொன்னது சரிதான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் ஆத்தாவிடம் எல்லாக் கடிதத்தையும் கொடுத்தேன். அவர் படித்து முடிக்க இரண்டு மணி நேரமானது. "எந்தம்பியா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு சேலை மாற்றிக்கொண்டு வந்து, "வக்கீல் ஆபீஸ் எங்க இருக்கு, தெரியுமா?" என்றார். ஏமியின் அம்மா கேத்தரின் ஆன்டியும் கூட வந்தார்.

காகிதத்தை எழுதப் பழகிப் பார்த்த இரண்டு தாள்கள் என் மேசை இழுப்பறையில் இருந்தன. அவற்றைக் கொடுத்தேன். நோட்டைக் கொடுத்தேன். உங்கள் கடிதங்கள், அட்டைகள் எல்லாவற்றையும் கொடுத்தேன். போலீஸ் அதிகாரி ஒருவர், பெண், துப்பாக்கியைப் பற்றி நான் கண்டதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். திருகாணி, தழும்பு, துரு, ஈர்க்கு. ஒன்றும் விட்டுப்போகவில்லை. "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். சொன்னேன்.

அடுத்த வாரம் அப்பச்சியை அழைத்துப் போனார்கள். பின்கட்டிலிருந்து இன்னும் இரண்டு பெட்டிகளை எடுத்தார்கள். என்மேல் வழக்கு வருமா என்று இன்னும் தெரியாது. வரலாம் என்று வக்கீல் மறைக்காமல் சொன்னார்.

கார்த்திகேசு அங்கிளைப் போன வாரம் விட்டார்கள். நேற்று ஆத்தாவும் நானும் பார்க்கப் போனோம். தலை முழுவதும் நரைத்திருந்தது. ஆத்தாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பேப்பர நீதான் எழுதுனியா?"

"ஆமா அங்கிள்."

"அது சுடும்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நவம்பர்ல."

"பதினஞ்சுன்னு வக்கீல் சொன்னாரு."

"ஆமா."

"என்னய புடிச்சது டிசம்பர் பதினொன்னு. நடுவுல எத்தன நாளு மழ பேஞ்சுச்சு? எத்தன நாளு எம்பக்கத்துல ஒக்காந்து ஸ்கூலுக்கு வந்த? ஒரு நாளு சொல்லக் கூடாது? அங்கிள், பெட்டி கிட்டி குடுத்தா வாங்காதீங்கன்னு? அது போதும் லா எனக்கு."

மாரியாயி ஆன்டி, "சின்னப் பொண்ணுங்க, விடுங்க" என்றார்.

"சின்னப் பொண்ணுதான். நாலு மாசம் உள்ள இருந்தது நானு" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். ஆன்டி தேநீர் கொண்டுவந்தார். குடித்தோம். அவர் திரும்ப வரவில்லை.

அந்த இருபத்தாறு நாளும் உங்கள் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன், அம்மான். பெரியவர், படித்தவர், நீங்கள் என்ன செய்யச் சொல்கிறீர்களோ அதைச் செய்யலாம் என்று. அதை அங்கிளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அது அவருக்கு எதற்கு? அவர் கோபம் நியாயம். அதை நான் வைத்துக்கொள்கிறேன். உங்கள்மேல் எனக்கிருக்கும் கோபத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு முகவரியையும் கம்பெனி முகவரியையும் அந்த அதிகாரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் அங்கே எழுதுவார்களாம். அவர்களுக்குப் பதில் எழுதுங்கள். எனக்கு வேண்டாம்.

நாச்சம்மை காசிவிஸ்வநாதன்